பதினேழுக்குப் பதில் ஆறு

முப்பத்தொரு வருடம். மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் அச்சடித்து, எட்டாக மடித்து வைக்கும் தாளை அவர் அத்தனை வருடமாகப் படித்துவருகிறார். மாத்திரை வாங்குகிறவர்கள் பிரிக்காமலே எறிகிற தாள் அது. அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு புள்ளி விடாமல் படித்து, தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவால் வளைத்துக் காட்டுவதுதான் அவர் வேலை. வயது ஐம்பத்தெட்டு. அச்சகத்தில் எல்லோரும் அந்த அம்மாவைக் கமா என்பார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் கொடுத்த லீவு லெட்டரில் கமா விட்டுப்போயிருக்கிறது என்று அவர் திருப்பிக் கொடுக்க, அந்த மனிதர் வேறு தாளில் எழுதிக்கொண்டு வருவதற்குள் ஊருக்குப் போகிற பஸ் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் பெயர்.

கமாவுக்கு ஒரே தம்பி, நான்கு வயது இளையவர். வாகனப் பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், டயர் கடைக்கும் சீட் கவர் தைக்கிற கடைக்கும் நடுவே, பத்தடி அகலத்தில் நம்பர் பிளேட் கடை வைத்திருக்கிறார். அலுமினியத் தகட்டை அச்சின் மேல் வைத்துக் கைப்பிடியை இழுத்தால், மூன்று எழுத்தும் நான்கு எண்ணும் புடைத்துக்கொண்டு வரும். தெருவில் அவருக்குப் பெயர் தகடு.

இருவருக்கும் நடுவில் ஒன்பது வருடமாக ஒரு விளையாட்டு நடந்தது. தகடு காலையில் அடிக்கிற முதல் பிளேட்டின் மூன்று எழுத்தை எட்டே முக்காலுக்கு அக்காவுக்கு மெசேஜில் அனுப்புவார். அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற மாதிரி ஓர் ஆங்கில வார்த்தை கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் வேறு எழுத்துகள் எத்தனை வந்தாலும் பரவாயில்லை. யாருடைய வார்த்தை நீளமோ அவர் ஜெயித்தார். புத்தகம் பார்க்கக் கூடாது, யாரையும் கேட்கக் கூடாது. சரியாக மதியம் ஒரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், தம்பி போன் போடுவார். இரண்டு பேரும் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு விதி மட்டும் சின்ன வயதிலிருந்தே வந்தது. வீட்டில் எதைப் பங்கு போட்டாலும் அம்மா, "சின்னவன் முதல்ல" என்பார். அதனால் இதிலும் தம்பிதான் முதலில் சொல்ல வேண்டும். அக்கா பிறகு. விதி போட்டபோது அதில் ஓட்டை இருப்பது இருவருக்கும் தெரியவில்லை.

விளையாட்டு தொடங்கிய கதைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் தம்பிக்கு ஆங்கிலம் வரவில்லை. சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு அக்காவுடையது. பொறுமை அவருக்கு அப்போதும் கிடையாது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் தம்பி தோற்றார். வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள், "பரவாயில்ல, மறுபடி எழுதுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பத்தொன்பது வயது அக்கா சொன்னார்: "இவனா? மூணு எழுத்து சேர்ந்து வந்தா இவனுக்கு மூச்சு முட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. தம்பியும் சிரித்தார். ஆனால் மறுபடி தேர்வு எழுதப் போகவில்லை. ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. "நல்லா இருக்கியா", "ம்", "அம்மாகிட்ட குடு" என்பதற்கு மேல் முப்பது வருடம் இருவருக்கும் பேச்சு நீளவில்லை. அவ்வளவுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தார். மூன்றாவது மாடி வராண்டாவில் ஒரே பெஞ்சில் அக்காவும் தம்பியும் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடம். தம்பி ஒரு வெள்ளைக் காரின் பிளேட்டைப் பார்த்து, "அது நான் அடிச்சது" என்றார். எச், பி, எல்.

"எச், பி, எல்னா ஹாஸ்பிடல். எட்டு எழுத்து" என்றார் விரல் விட்டு எண்ணி.

"ஹாஸ்பிடலைசேஷன். பதினஞ்சு" என்றார் அக்கா, யோசிக்காமல்.

"அநியாயம். என் வார்த்தைக்கே வால ஒட்டிட்டு ஜெயிக்கிற!"

அக்கா சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் பதினாறு வண்டி முடித்தார்கள். அம்மா அடுத்த மாதம் போய்விட்டார். எழுத்துகள் தினமும் வர ஆரம்பித்தன.

முதல் ஐந்து வருடம் ஒரே பக்கமாகத்தான் ஓடியது. நீள நீளமான வார்த்தைகள்தானே அக்காவின் பிழைப்பு.

"ஜி, எஸ், எல். கேஸ் சிலிண்டர்!"

"அது ரெண்டு வார்த்தைடா."

"எங்க வீட்ல ஒரே சிலிண்டர்தான்க்கா இருக்கு!"

"காஸ்ட்ரோஇன்டெஸ்டினல். பதினாறு. போய்ச் சாப்பிடு."

தோற்றாலும் தம்பி அலுத்துக்கொண்டதில்லை. ஆர்டர் எழுதுகிற நீள நோட்டில் இடது பக்கம் பிளேட் கணக்கு, வலது பக்கம் அன்றைய எழுத்து, தன் வார்த்தை, அக்கா வார்த்தை, யார் ஜெயித்தார்கள் என்பது. ஐந்து வருடத்தில் நான்கு நாள் சமம். மற்ற எல்லா வரியிலும் "அக்கா" என்று எழுதியிருந்தார். பழைய புத்தகக் கடையில் ஓர் அகராதி வாங்கி அச்சு மிஷின் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதன் பக்கங்களில் அலுமினியப் பொடி மினுங்கும். விளையாடும்போது தொட மாட்டார். அது முடிந்த பிறகு படிக்கத்தான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைய முதல் பிளேட் சி, என், சி. அதில் இரண்டு எண்ணை இடம் மாற்றி அடித்துவிட்டார். வண்டிக்காரர் தெருவே கேட்கக் கத்தினார்: "பாத்து அடிக்கக் கூடத் தெரியாதா? படிக்காதவன்கிட்ட குடுத்தா இப்படித்தான்!" பதினொரு மணிக்குத் தம்பி மனைவி அக்காவுக்குப் போன் போட்டார். "அண்ணி, இவரு காலைல இருந்து வாயே தொறக்கல. சும்மா அச்சத் தொடச்சிட்டு உக்காந்திருக்காரு. நீங்களாவது ஏதாச்சும் பேசுங்க."

ஒரு மணிக்குத் தம்பி கூப்பிட்டார். குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்தது.

"கண்டக்டர். ஒம்பது."

அக்காவின் மேஜையில் அந்த நேரம் ஓர் இரத்த அழுத்த மாத்திரையின் தாள் விரிந்திருந்தது. யார் யார் இந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது என்கிற பகுதிக்குத் தலைப்பு, தடித்த எழுத்தில்: கான்ட்ராஇன்டிகேஷன்ஸ். சி, என், சி மூன்றும் வரிசையாக இருந்தன. மொத்தம் பதினேழு எழுத்து. எந்த மருந்துத் தாளிலும் இருக்கிற தலைப்பு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவர் கண்ணில் படுகிற வார்த்தை.

"கேன்சல்" என்றார் அக்கா. "ஆறு."

அந்தப் பக்கம் தம்பி முணுமுணுத்து எண்ணுவது கேட்டது.

"அக்கா... அப்ப நான் ஜெயிச்சுட்டேனா?"

"ஆமாண்டா. ஜெயிச்சுட்ட."

தகடு அன்று அந்தத் தெருவுக்கே டீ சொன்னார். வண்டிக்காரர் வேண்டாம் என்று வீசிவிட்டுப் போன பிளேட்டைத் துடைத்து, மிஷினுக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

ஒரே ஒரு நாள் என்றுதான் அக்கா நினைத்தார். ஆனால் அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல் இருந்தது. வாரம் ஒரு முறை விட்டுக்கொடுத்தார். பிறகு வாரம் இரண்டு. தம்பிதானே முதலில் சொல்கிறார். அவர் எத்தனை எழுத்து சொல்கிறாரோ அதற்கு ஒன்றிரண்டு குறைத்துச் சொன்னால் போதும். இதற்கிடையில் தம்பி நிஜமாகவே தேறிக்கொண்டு வந்தார். டபிள்யூ, எல், எஃப் வந்த நாளில் அவர் "வெயிட்லிஃப்டர், பன்னெண்டு" என்றபோது அக்காவிடம் "வைல்ட்லைஃப்" தவிர வேறு எதுவுமே இருக்கவில்லை. எட்டு எழுத்து. அன்று போனை வைத்துவிட்டு எதிர் மேஜைக்காரியிடம், "என் தம்பி என்னை அடிச்சுட்டான்டி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விட்டுக்கொடுக்காத நாள் அது. அப்படி எத்தனை நாள் இருந்தன என்று அவர் எங்கும் குறித்து வைக்கவில்லை.

நான்கு வருடம் இப்படிப் போனது. போன வருடக் கடைசியில் தம்பி போனில், "அக்கா, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றார்.

"சொல்லு."

"அந்தப் பத்தாவது இங்கிலீஷ் பேப்பர மறுபடி எழுதலாம்னு பாக்கறேன். தனியா எழுதுறவங்களுக்கு வெக்கிறாங்களாம். உன்னையே ஜெயிக்கிறேன், அதை எழுத மாட்டனா?"

அக்கா சிரிக்கவில்லை. அன்று மதியம் ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தும் அவருக்குள் ஒரு வரி இறங்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கு அதுதான் நேரம். சொல்லவில்லை. "எழுதுடா. நீ எழுதாம யாரு எழுதப்போறா" என்றார்.

தம்பி விண்ணப்பம் போட்டார். ஹால் டிக்கெட் வந்தது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வாய்விட்டு ஆங்கிலம் படித்துப் பழகினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது அக்காவின் தாள்கள்தான். மனைவிக்கு இரத்த அழுத்தம். மாத்திரைப் பெட்டியைப் பிரித்தால் தாளின் அடியில் அச்சகத்தின் பெயர் எறும்பு அளவில் இருக்கும். "இது எங்க அக்கா படிச்ச தாள். தப்பே இருக்காது" என்று டயர் கடைக்காரரிடம் காட்டுவார்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, மனைவி சாப்பாடு கொண்டுவந்தார். தகடு ஒரு புதுப் பெட்டியின் தாளைப் பிரித்து உரக்கப் படித்தார். இதுவரை விட்டுவிட்டுத் தாண்டிய தடித்த எழுத்துத் தலைப்பை அன்று படிக்கப் போய் நாக்குச் சிக்கியது. பழக்கத்தில் விரல் விட்டு எண்ணினார். பதினேழு. மனைவி சொல்கிறார்: "எண்ணி முடிச்சிட்டு அப்படியே நிமிந்து செவுத்தப் பாத்தாரு. அந்தப் பிளேட்டையே பாத்தாரு. சோத்துல கையே வெக்கல."

ஒரு மணிக்கு வழக்கம்போல் போன் போட்டார். அன்றைய எழுத்தைப் பற்றிப் பேசவில்லை.

"அக்கா, நான் மொதத் தடவ ஜெயிச்சேன்ல, கண்டக்டர்னு சொல்லி. அன்னைக்கு உனக்கு வேற வார்த்தை எதுவும் தோணலையா?"

அக்காவுக்கு உடனே புரிந்தது. "அதெல்லாம் எங்கடா ஞாபகம் இருக்கு" என்றார்.

"சரிக்கா."

மறுநாள் எட்டே முக்காலுக்கு எழுத்து வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அக்கா போன் போட்டால் தம்பி மனைவி எடுத்து, "வேலையா இருக்காரு அண்ணி" என்றார். முன்பு முப்பது வருடம் இருந்த அதே மௌனம், அதே அளவில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவை அதற்கு அக்காவிடம் இரண்டு காரணம் இருந்தது: விட்டுக்கொடுத்தது ஒன்று, கேட்டபோதும் மறைத்தது இன்னொன்று.

பதினாறு வேலை நாள் பொறுத்தார். பதினேழாவது நாள், சனிக்கிழமை, அச்சகத்தில் சொல்லிவிட்டுக் கடைக்கே போனார். அங்கே போவது அதுதான் முதல் தடவை. இடம் தெரியாமல் சீட் கவர் கடையில் விசாரித்தார்.

"தகடோட அக்காவா?" என்றார் அவர், ஊசியை வாயில் கடித்தபடி. "அட, நீங்கதானா தினமும் தோக்குற அக்கா! உங்களாலதான் எங்களுக்கு வாரம் மூணு டீ ஓசி. இப்ப ஏன் நிறுத்திட்டீங்க?"

தகடு மிஷினில் இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பிளேட் கீழே, எடைக்குப் போடுகிற கழிவுத் தகடுகளோடு கிடந்தது.

"எனக்குத் தோணுச்சுடா" என்றார் அக்கா. "அன்னைக்கு. அந்த வார்த்தை என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு."

"தெரியும்."

"நீ ரொம்ப ஒடஞ்சு போய் இருந்த. அவ போன் பண்ணா. எனக்கு மனசு கேக்கல."

"அன்னைக்கு ஒரு நாள்னா சரி." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே பேசினார். "நாலு வருஷமாக்கா? தோக்குறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. அஞ்சு வருஷம் தினமும் தோத்தேன், ஜாலியாத்தான் இருந்துச்சு. நீ என்னைய ஆளா மதிச்சு ஜெயிச்ச. அப்புறம் எப்ப இவனால முடியாது, பாவம்னு முடிவு பண்ணின? அன்னைக்கு சித்தப்பா முன்னாடி சொன்ன பாரு, அதையேதான மறுபடி சொல்லியிருக்க. அப்ப சத்தமா சொன்ன. இப்ப சத்தமில்லாம."

"எல்லாமே பொய் இல்லடா. வெயிட்லிஃப்டர் நிஜம். சத்தியமா நிஜம். எனக்கு வேற எதுவுமே வரல."

"இனிமே அதை நான் எப்படிக்கா நம்புறது?"

தம்பி இரண்டு நீள நோட்டுகளை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார்.

"நான் ஜெயிச்சதா அறுநூத்திப் பதினாலு வரி இருக்கு. எது நிஜம், எது நீ விட்டதுன்னு குறி போட்டுக் குடு. புரூஃப் பாக்குறதுதான உன் வேலை. அதைப் பாத்துட்டு நான் பரீட்சைக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கறேன்."

அக்கா கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் வரி சி, என், சி. அதைக் கோடு போட்டு அடித்தார். இரண்டாவது வரியில் எழுத்துகளைப் பார்த்தார், தம்பி வார்த்தையைப் பார்த்தார், தன் வார்த்தையைப் பார்த்தார். ஆறு எழுத்து. அன்று அதுதான் தோன்றியதா, இதைவிட நீளமான ஒன்று தோன்றி அதை விழுங்கினாரா? இப்போது யோசித்தால் பத்து வார்த்தை வருகிறது. அன்று, போனைக் காதில் வைத்திருந்த அந்த நிமிடத்தில், எது வந்தது? நினைவில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அச்சகத்தில் அந்தக் குறிக்கு அர்த்தம், எழுதியவரைக் கேட்டுச் சரிபார்க்கவும் என்பது. இங்கே எழுதியவரும் அவரே.

மிஷின் ஒரு பக்கம் அடித்துக்கொண்டே இருந்தது. தம்பி மனைவி சாப்பாடு போட்டார். அக்கா பேனாவைக் கீழே வைக்காமல் இடது கையால் டம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு முடித்தார். நிச்சயமாக விட்டுக்கொடுத்தது முப்பத்தேழு. நிச்சயமாகத் தம்பி ஜெயித்தது பதினொன்று. மீதி ஐந்நூற்று அறுபத்தாறு வரிக்கும் கேள்விக்குறி.

தம்பி பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இத்தனை கேள்விக்குறியா?"

"ஞாபகம் வரலடா. அந்த நிமிஷம் தோணுறத வெச்சு சொல்லிடுவேன். எதையும் எழுதி வெக்கல."

"நான் எழுதி வெச்சேன்" என்றார் தம்பி. நோட்டை மூடினார்.

அந்த ஐந்நூற்று அறுபத்தாறில் அவர் உழைத்து, உண்மையாகவே ஜெயித்த நாட்கள் நிறைய இருந்திருக்கும். நூறு இருக்கலாம், முந்நூறு இருக்கலாம். அதையும் சேர்த்துத்தான் அக்கா எடுத்துக்கொண்டுவிட்டார். இது அவருக்குப் பஸ்ஸில் திரும்பிப் போகும்போது உறைத்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் நடந்து வந்தார்.

தேர்வு அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அக்கா லீவு போட்டுவிட்டு ஒன்பது மணிக்கே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். கையில் இரண்டு புதுப் பேனா, தண்ணீர் பாட்டில். ஒன்பது ஐம்பதுக்குக் கேட்டைச் சாத்தினார்கள். காவலாளி, "அம்மா, யாராச்சும் வரணுமா?" என்று கேட்டார். "வரணும்" என்றார். பத்தரை வரை நின்றார்.

தகடு அன்று எட்டரைக்குக் கடை திறந்தார். பதினொரு பிளேட் அடித்தார்.

அதற்கு அடுத்த வாரம், எட்டே முக்காலுக்கு அக்காவின் போன் அதிர்ந்தது. மூன்று எழுத்து. அதற்குக் கீழே: "இனி நான் முதல்ல சொல்ல மாட்டேன். பன்னெண்டே முக்காலுக்கு ரெண்டு பேரும் அவளுக்கு எழுதி அனுப்பணும். ஒரு மணிக்கு அவ படிப்பா."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. ஒரு மணிக்குத் தம்பி மனைவி போன் போட்டு, "அண்ணி, நீங்க பதினாலு, இவரு பத்து. வெச்சிடட்டுமா?" என்கிறார். பின்னால் மிஷின் சத்தம் மட்டும் கேட்கும். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. இதுவரை இருபத்திரண்டு ஆட்டம் முடிந்திருக்கிறது. அக்கா இருபத்தொன்று, தம்பி ஒன்று. அந்த ஒன்றுக்கு டீ சொல்லவில்லை.

அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. விண்ணப்பிக்கக் கடைசி நாள் வருகிற மாதம் பதினான்காம் தேதி. தம்பி மனைவி படிவம் வாங்கி வந்து அகராதிக்குள் வைத்திருக்கிறார். அதில் இன்னும் யாரும் எதுவும் எழுதவில்லை.